ஓரத்து வெண்மையும் உழைத்த விரல்களும்

நம் ஆலயங்களில் பீடத்துணியின் விளிம்பில் தொங்கும் வெண்ணிற லேஸைக் காணாத கத்தோலிக்கர் இலர். குருவின் நீண்ட வெண்ணங்கியின் கீழ் ஓரத்திலும், புதுநன்மை வாங்கும் சிறுமியின் முக்காட்டிலும், மணமகளின் ஆடையிலும் அதுவே அழகு செய்கிறது. இதனைக் குறித்து நம்மிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. இறைவனுக்குரிய இடத்தில் அழகு குறையலாகாது, லேஸ் வேண்டும் என்பர் ஒரு சாரார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வழிபாட்டு உடைகளிலும் வெறும் பகட்டை விடுத்து மேன்மையான அழகையே நாடச் சொல்லவில்லையா, ஆதலால் லேஸை அகற்றுவோம் என்பர் மறு சாரார்.

இரு சாராருக்கும் தம் கட்சிக்கு நியாயம் உண்டு. ஆயினும் இரு சாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. இந்த லேஸைப் பின்னியவர் யார்? அவர் கையில் சேர்ந்த கூலி எவ்வளவு? அழகா பகட்டா என்று வழக்காடியவர்கள் பார்த்ததெல்லாம் துணியை மட்டுமே. துணிக்குப் பின்னால் இருந்த பெண்ணை அவர்கள் பார்க்கவில்லை. இவ்வழக்கில் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவள் அவளே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

இரண்டே அசைவுகள்

லேஸ் என்று நாம் பொதுப்பெயரால் அழைப்பதில் பல வகைகள் உண்டு. ஒரே ஊசியும் நூலும் கொண்டு தையலாகவே கட்டி எழுப்புவது ஒரு வகை. கொக்கி ஊசியால் கண்ணிகளைக் கோத்து நம் வீட்டுப் பெண்கள் போடும் குரோஷா மற்றொரு வகை. இங்கே நாம் பேசுவது பாபின் லேஸ் எனப்படும் மூன்றாம் வகை. இதற்குத் தறி இல்லை, தையல் ஊசி இல்லை, கொக்கியும் இல்லை.

வைக்கோலோ மரத்தூளோ இறுக அடைத்த ஒரு திண்டு. அதன்மேல் கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் துளையிட்ட ஓர் அட்டை. அத்துளைகளில் ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்தப்படும் குண்டூசிகள். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள், இவையே பாபின்கள். இவற்றை எப்போதும் இணை இணையாகவே கையாளுவர். ஒரு சமயத்தில் விரல்கள் தொடுவது இரண்டு இணைகளை, அதாவது நான்கு கட்டைகளை மட்டுமே. செய்யும் அசைவுகளும் இரண்டே. நடுவில் உள்ள இரு நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போடுவது ஒன்று. ஒவ்வோர் இணையையும் தனக்குள் முறுக்குவது மற்றொன்று. போட்டு, முறுக்கி, மீண்டும் போட்டால் நெய்த துணிபோன்ற அடர்ந்த பரப்பு பிறக்கிறது. போட்டு முறுக்குவதோடு நிறுத்திக்கொண்டால் காற்றோட்டமான மெல்லிய பரப்பு பிறக்கிறது. இவ்விரண்டையும் மாற்றி மாற்றி அமைப்பதால் மலரும் இலையும் வலைக்கண்ணும் உருவாகின்றன.

கேட்பதற்கு எளிது. ஆனால் அட்டையில் நிற்பவை நான்கு கட்டைகள் அல்ல. சில பத்துகள், நுண்ணிய வேலையாயின் சில நூறுகள். அவற்றுள் எந்த நான்கை எப்போது எடுப்பது என்பதில்தான் கலை இருக்கிறது. நுண்ணிய அமைப்பாயின் பகல் முழுவதும் குனிந்து உழைத்தாலும் வளர்வது சில சென்டிமீட்டரே. ஒரு பீடத்துணியின் சுற்றளவை இக்கணக்கால் பெருக்கிப் பாருங்கள். லேஸ் கடையின் விலைச்சீட்டு உண்மை பேசுகிறதா என்பது உடனே விளங்கும்.

பெயரற்ற கைகள்

இக்கலை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் ஃபிளாண்டர்ஸிலும் வளர்ந்தது. 1561இல் சூரிக் நகரில் அச்சான ஒரு மாதிரி நூல், வெனிசிலிருந்து வந்த வணிகர் வழியாக இக்கலை தம் ஊரை அடைந்து 25 ஆண்டுகள் ஆயின என்று கூறுகிறது. அந்நூலை எழுதியவள் இக்கலையைப் பிறருக்குக் கற்பித்த ஒரு பெண். அவள் நமக்கு விட்டுச்சென்ற பெயர் ஆர்.எம். என்னும் இரண்டு எழுத்துகள் மட்டுமே. 1670ஐ ஒட்டி வெர்மீர் தீட்டிய, லேஸ் பின்னும் பெண்ணின் சிற்றோவியம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. ஓவியன் பெயரை உலகமே அறியும். குனிந்திருக்கும் அப்பெண்ணின் பெயரை அறிந்தார் எவரும் இலர்.

செய்தவளின் பெயர் மறைந்தது. செய்த பொருளின் பெயரோ திரிக்கப்பட்டது. 1662இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அயல்நாட்டு லேஸை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. வணிகர் என்ன செய்தனர்? பிரசெல்ஸ் லேஸைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, 'ஆங்கில லேஸ்' என்று பெயர் சூட்டி விற்றனர். பின்னிய ஊரின் பெயர்கூட அப்பின்னலில் நிலைக்கவில்லை. இன்று இயந்திரத்தில் பிறந்ததைக் 'கைவேலை' என்று கூறி விற்பவர் அந்தப் பழைய பொய்யின் வாரிசுகளே.

போலியை அறிவது எங்ஙனம்?

1808இலும் 1809இலும் ஜான் ஹீத்கோட் என்னும் ஆங்கிலேயர், பாபின் லேஸின் வலைக்கண்ணை ஒத்த வலையைப் பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816இல் லஃப்பரோ நகரிலிருந்த அவருடைய ஆலையின் இயந்திரங்களைத் தொழிலாளர் உடைத்தெறிந்தனர். அவர் டெவன் பகுதியிலுள்ள டிவர்ட்டன் நகருக்குப் பெயர்ந்து தொழிலைத் தொடர்ந்தார். பின்னர் லீவர்ஸ் இயந்திரம் கோலங்களையும் பின்னக் கற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பார்மன் நகர் தந்த பின்னல் இயந்திரம் எளிய பாபின் லேஸை அப்படியே பின்பற்றிக் காட்டியது. கரையக்கூடிய துணியின்மேல் தையல் பூவேலை செய்து, பின்பு துணியை மட்டும் கரைத்துவிட்டு எஞ்சும் தையலை லேஸாக விற்கும் முறையும் அக்காலத்திலேயே பிறந்தது.

இயந்திர லேஸ் பாவமன்று. பிரான்சின் கலே நகரில் லீவர்ஸ் இயந்திரத்தில் பின்னப்படும் லேஸ் அதற்குரிய பெயரோடு, அதற்குரிய பெருமையோடு விற்கப்படுகிறது. பாவம் பொய்யில் இருக்கிறது. அப்பொய்யைக் கண்டறிய நமக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறிது பொறுமையும் போதும்.

முதலில் மூலையைப் பாருங்கள். பீடத்துணி திரும்பும் இடத்தில் கோலம் முறியாமல் தானும் திரும்பியிருந்தால், பின்னியவர் அம்மூலைக்கென்றே அட்டையில் துளையிட்டு வேலை செய்திருக்கிறார் என்பது பொருள். நாடாவாக ஓடும் இயந்திர லேஸை மூலையில் வெட்டி ஒட்டுவர். அல்லது சுருக்கிட்டுத் தைப்பர். கைப்பின்னலையும் சிலர் சுருக்கிட்டுத் தைப்பதுண்டு. ஆதலால் திரும்பிய மூலை கைவேலைக்கு நல்ல சாட்சி. சுருக்கிட்ட மூலை மட்டும் இயந்திரத்துக்குப் போதிய சாட்சியாகாது.

அடுத்துப் பிழையைத் தேடுங்கள். மனிதக் கை செய்யும் பிழை ஓரிடத்தில் தோன்றும். அடுத்த மலரில் அது இராது. இயந்திரத்தின் பிழையோ கோலம் திரும்பும்தோறும் அதே இடத்தில் தவறாமல் திரும்பும். பிழையே அற்ற சமச்சீர் முழக்கணக்கில் நீண்டாலும் ஐயம் கொள்ளுங்கள்.

பின்பு ஒரு நூலைக் கண்ணால் தொடருங்கள். கைப்பின்னலின் அடர்ந்த பகுதியில் நூல்கள் நெய்த துணியில் போல் மேலும் கீழுமாகத் தெளிவாகச் செல்லும். லீவர்ஸ் லேஸில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் தென்படும். மலரைச் சுற்றும் தடித்த நூல் ஒரு மலருக்கும் அடுத்த மலருக்கும் இடையே வெட்டப்பட்டு, முனையில் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும். துணியைக் கரைத்த லேஸில் எந்த நூலையும் தொடரவே இயலாது. இங்குமங்கும் குத்திய தையல் குவியலாகவே அது காணப்படும். இவற்றுள் நம்மை ஏமாற்றுவதில் வல்லது பார்மன் லேஸ். அதில் நூல்கள் கைப்பின்னல் போலவே குறுக்கிட்டுச் செல்லும். ஆனால் அது குறுகிய நாடாவாகவே ஓடும். நடுவழியில் புது நூலைச் சேர்க்கவும் விலக்கவும், மூலையில் திரும்பவும் அதற்குத் தெரியாது.

இறுதியாக ஒன்று. பருத்தி நூல் என்பதும், பழமை நிறம் என்பதும், சீட்டில் எழுதிய சொல் என்பதும் சான்றுகள் அல்ல. இவை மூன்றையும் இயந்திரத்துக்கு அணிவிப்பது எளிது.

திருச்சபையின் பெருமையும் கடனும்

இவ்வரலாற்றில் நாம் தலைநிமிரக் கூடிய ஏடு ஒன்று உண்டு. 1640ஐ ஒட்டி, பிரான்சில் பகட்டைத் தடுக்கும் பெயரால் லேஸ் அணிவதைத் துலூஸ் நகர உயர் மன்றம் தடை செய்தது. லெ புய் பகுதியில் லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைப் பெண்களின் அடுப்பு அணைந்தது. அப்போது அங்கு பணியாற்றிய இயேசு சபைக் குரு புனித ஜான் பிரான்சிஸ் ரெஜிஸ் அவர்களுக்காகப் பரிந்து பேசினார், தடை நீங்கியது. இன்றும் அவர் லேஸ் பின்னுவோரின் பாதுகாவலராக வணங்கப்படுகிறார். கவனியுங்கள்: அவர் உடுத்துவோரின் ஆசைக்காக வாதாடவில்லை, பின்னுவோரின் சோற்றுக்காக வாதாடினார். எளிமையின் பெயரால் பிறப்பிக்கப்படும் கட்டளையும் ஏழையின் வயிற்றில் அடிக்கக்கூடும் என்பதை அப்புனிதர் கண்டுகொண்டார்.

தலைகுனிய வேண்டிய ஏடும் உண்டு. ஃபிளாண்டர்ஸில் 1717 முதல் ப்ரூஜ் நகரின் அப்பொஸ்தொலின் கன்னியர் லேஸ் பள்ளி நடத்தினர். 1840களில் லினன் தொழில் சரிந்து, உருளைக்கிழங்குப் பயிரும் அழிந்து பஞ்சம் வந்தபோது, மடங்களின் லேஸ் பள்ளிகள் பெருகின. பசித்தவர்க்கு அவை கஞ்சி வார்த்தன என்பது உண்மை. ஆனால் எழுத்தறிவு பெறவேண்டிய வயதில் சிறுமியர் நாள் முழுவதும் திண்டின்மேல் குனிந்திருந்தனர் என்பதும் உண்மையே. 1902இல் பெல்ஜிய அரசின் தொழில் அலுவலகம் வெளியிட்ட பியேர் வெர்ஹேகனின் ஆய்வு, வணிகருக்கும் பின்னுபவருக்கும் இடையே நின்ற தரகர்களையும், பின்னுபவர் கையில் சேர்ந்த சொற்பக் கூலியையும் விரிவாகப் பதிவு செய்தது. அதற்கு 11 ஆண்டுகள் முன்னரே, 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளரின் நியாயக் கூலியைப் பற்றி உலகுக்கே சுற்றுமடல் விடுத்திருந்தார் என்பதை நினைக்க நெஞ்சு உறுத்துகிறது.

இக்கலை நம் தென்கோடிக்கும் வந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் சபையின் மார்த்தா மால்ட் அம்மையார், தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள் எலிசா, அறிஞர் கால்டுவெல்லை 1844இல் மணந்து, இடையன்குடிக்கும் அதைக் கொண்டுசென்றார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை முற்றாக ஒழியவில்லை. அடிமைக் குடும்பச் சிறுமியர் சிலர் லேஸில் ஈட்டிய பணத்தால் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. கத்தோலிக்கர் நடுவில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகர மடத்திலிருந்து 1897இல் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டரும் அவர்தம் சகோதரியரும், ஆதரவற்ற சிறுமியர்க்கும் ஏழைப் பெண்களுக்கும் லேஸும் பூவேலையும் கற்பித்துப் பிழைப்புக்கு வழி காட்டினர்.

அக்காலத் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் தம் மார்பை மூடிக்கொள்ளவும் உரிமையின்றி இருந்தனர். தோள்சீலைக்காக அவர்கள் பட்ட பாடு 1822 முதல் 1859 வரை நீண்டது. 1859 ஜூலை 26இல் வெளிவந்த அரச அறிவிப்பும் மேற்குலப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தம் தோளில் ஒரு துணி போட அடிபட்ட குலத்துப் பெண்களின் விரல்கள், கண்காணாத சீமாட்டிகளின் தோளுக்கு லேஸ் பின்னின! ஒரு முழம் லேஸில் அடங்கிக் கிடக்கும் வரலாறு இது. இதை அறிந்தபின், 'ஓர் அலங்காரத் துணிதானே' என்று சொல்ல நம் நா எழுமோ?

தடைகளும் விடைகளும்

'பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மலிவானதை வாங்கினால் என்ன குறை?' என்பர் சிலர். மலிவானதை வாங்குங்கள், குறையில்லை. ஆனால் அதைக் கைவேலை என்று சொல்லாதீர்கள். அவ்வாறு சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். அப்பொய் இருவரைக் கொள்ளையிடுகிறது. வாங்குபவரின் பணம் பறிபோகிறது. உண்மையாகவே பின்னிய பெண்ணின் பொருளுக்குச் சந்தையில் இடமற்றுப் போகிறது. போலியின் விலையைக் காட்டி, 'இதற்கு மேல் உனக்குத் தரமாட்டேன்' என்று அவளிடமே பேரம் பேசுகிறோம் அல்லவா?

'ஏழைப் பெண்ணுக்கு உதவியாக இருக்கட்டும் என்றே வாங்குகிறோம்' என்பர் வேறு சிலர். இச்சொல்லே எமக்கு மிகுந்த வருத்தம் தருவது. உழைப்புக்குத் தருவது உதவி அன்று, கூலி. ஆந்திரத்தின் நரசாபூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்த மரியா மீஸ், 1982இல் வெளிவந்த தம் நூலில் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். உலகச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் அப்பெண்கள் தொழிலாளராகவே கணக்கில் வரவில்லை. வீட்டில் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர். 'ஓய்வு நேர வேலை' என்ற ஒரு சொல்லால் முழுநாள் உழைப்பின் கூலி அரைவயிற்றுக் கூலியாகிறது. 'பக்தி முயற்சி' என்றும், 'ஆலயத்துக்குத்தானே' என்றும் நாம் சொல்லும் சொற்கள் அதே வேலையைச் செய்வதில்லையா? விருப்பத்தோடு ஒருவர் இறைவனுக்குக் காணிக்கையாகப் பின்னித் தருவது போற்றுதற்குரியது. பிறர் உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்கி, அதை நம் காணிக்கையாகப் படைப்பது அவ்வாறன்று.

'கண் கெடுக்கும் இத்தொழில் அழியட்டும்; இயந்திரம் அவளை விடுவிக்கட்டும்' என்பது மூன்றாம் வாதம். இதில் இரக்கம் இருக்கிறது. ஆயினும் முழு உண்மை இல்லை. அவளை வருத்தியது திண்டும் பாபினும் மட்டுமல்ல. கூலியின் சிறுமையும் வேறு வழியின்மையும் அல்லவா? ஸ்லோவேனியாவின் இத்ரியா நகரைப் பாருங்கள். பாதரசச் சுரங்கத் தொழிலாளரின் வீட்டுப் பெண்கள் பின்னிய ஊர் அது. 1876இல் அங்கு தொடங்கிய லேஸ் பள்ளியில், வழக்கமான படிப்போடு கூடவே இன்றும் பிள்ளைகள் விரும்பிக் கற்கின்றனர். 2018இல் யுனெஸ்கோ ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் கலையை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பசி ஓட்டிச் செல்லாத இடத்தில் இக்கலை மனிதனைத் தாழ்த்துவதில்லை.

ஆதலால் நம் பங்குகளுக்கு நாம் முன்வைப்பது மூன்று. முதலாவது, பீடத்துக்கோ திருவுடைக்கோ லேஸ் வாங்கும்போது பின்னியவர் யார், எத்தனை நாள் பின்னினார், அவருக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடில் அதைக் கைவேலையாகக் கருதி வாங்காதீர்கள். இரண்டாவது, கைப்பின்னலைக் கொள்வதாயின் முழத்துக்கு விலை பேசாமல் உழைத்த நாளுக்கு விலை கொடுங்கள். பத்து முழம் வாங்க இருந்தவர் இரண்டு முழத்தோடு நிறைவு கொள்ளட்டும். மூன்றாவது, அந்த விலையைக் கொடுக்க இயலாத பங்கு, சுத்தமாகத் துவைத்த வெறும் பருத்தித் துணியை விரிக்கட்டும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. சங்கம் நாடச் சொன்ன மேன்மையான அழகு அத்துணியிலும் உண்டு. கைவேலை என்று பொய் சொல்லும் லேஸிலும், கூலி குறைத்து வாங்கிய உண்மையான லேஸிலும் அது இல்லை.

2025இல் திருப்பீடம் ஏறிய திருத்தந்தை 14ஆம் லியோ, முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் தொழிலாளருக்காகப் பேசிய 13ஆம் லியோவை நினைந்தே அப்பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். அத்தொழிற்புரட்சி தொட்டு மாற்றிய தொழில்களுள் இந்த லேஸும் ஒன்று. வயலில் அறுத்தவரின் கொடாத கூலி ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்பது யாக்கோபு எழுதிய திருமுகத்தின் எச்சரிக்கை. வயலில் அறுத்தவருக்கு ஒரு நியாயமும், திண்டின்மேல் குனிந்து பின்னியவருக்கு வேறொரு நியாயமும் விண்ணகத்தில் இருக்க முடியாது. அந்தக் கூக்குரல் எழும் துணியை நம் பீடத்தின்மேல் விரித்துவிட்டு, அதன்மேல் அப்பத்தையும் இரசத்தையும் வைத்து மன்றாடத் துணிவோமா?